மினுக்கும் அலுமினியம், மக்கிய பலகை

அமெரிக்காவில் பழைய டிராவல் டிரெய்லர் விற்பவர்களின் விளம்பரங்களைத் தொடர்ந்து படித்தால் ஒரு சங்கதி பிடிபடும். 1950களின் வண்டியோ 60களின் வண்டியோ, வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒழுகாது, லேசானது, எந்தக் காரும் இழுத்துவிடும், பெயிண்ட் அடித்தால் போதும், பேப்பர் மட்டும் தொலைந்துவிட்டது. விற்பவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவரும் அதை நம்பித்தான் எழுதுகிறார். வாங்குபவரும் நம்புகிறார். சிக்கல் அங்கேதான்.

காருக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும் மோகம் அந்த நாட்டில் நூறு வருஷம் கடந்தது. இந்தியானா மாநிலத்து எல்கார்ட் ஊரில் இருக்கும் ஆர்.வி. (பயண வீட்டு வண்டி) அருங்காட்சியகத்தில் 1913ஆம் ஆண்டு டிரெய்லர் ஒன்று நிற்கிறது. 1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் பிறந்தது. நடுவில் மறைந்துபோன அந்தச் சங்கத்தை 1998இல் அதே பெயரில் மறுபடி தொடங்கினார்கள். பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிடுகிற கூட்டம் இன்றைக்கும் கூடிக்கொண்டிருக்கிறது. அங்கே வசிக்கும் நம் வாசகர் யாராவது, தேசியப் பூங்காக்களைச் சுற்ற இப்படி ஒன்றை வாங்கலாம் என்று நினைத்தால், பணத்தை நீட்டுவதற்கு முன் கீழே உள்ள நம்பிக்கைகளை ஒருமுறை உரசிப் பார்த்துக்கொள்வது நல்லது.

“அலுமினியம் துருப்பிடிக்காது. ஆகவே ஏர்ஸ்ட்ரீமுக்கு அழிவே கிடையாது.”

இந்த நம்பிக்கைக்கு வரலாறும் துணை நிற்கிறது. வாலி பையம் 1931இல் தொடங்கிய கம்பெனி ஏர்ஸ்ட்ரீம். கிளைடர் விமானம் கட்டிய ஹாலி போலஸின் வடிவமைப்பை அடியொற்றி, 1936இல் ரிவெட் அடித்த அலுமினியக் கூடாக ‘கிளிப்பர்’ வெளிவந்தது. 1959இல் பையம் ஒரு பெரிய டிரெய்லர் கூட்டத்தையே கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கு அழைத்துப் போனார். 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்த கூண்டும் ஏர்ஸ்ட்ரீமை மாற்றிச் செய்ததுதான். இத்தனையும் கேட்டபின் ஒரு மனிதனுக்கு அந்த வெள்ளி உருளை மீது சந்தேகம் எப்படி வரும்?

ஆனால் அலுமினியம் தோல் மட்டும்தான். அதற்கு அடியில் தரை பிளைவுட். பிளைவுட்டைத் தாங்குவது எஃகுச் சட்டம். ஜன்னல் ஓரம், கூரை வென்ட், பின்பக்க மூட்டு என எங்கே சிறு இடுக்கு கிடைத்தாலும் மழைத்தண்ணீர் உள்ளே போகும். போனது உங்கள் தலையில் சொட்டாது. வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே ஓசையில்லாமல் இறங்கி, தகடு தரையைத் தொடும் விளிம்பில் தங்கும். அங்கே பிளைவுட் ஊறும், மக்கும். அடியில் எஃகு துருப்பிடிக்கும். எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு ஒட்டிக்கிடக்கும் இடத்தில் மின்வேதி அரிப்பும் சேர்ந்துகொண்டு, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இருபது வருஷம் ‘ஒழுகாத’ வண்டி இருபது வருஷமாகத் தரைக்குள் ஒழுகிக்கொண்டிருந்திருக்கலாம்.

இதன் முற்றிய நிலை, பின்பக்கம் உடலும் சட்டமும் பிரிந்துபோவது. 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் வந்த நீளமான மாடல்களில், குறிப்பாகக் குளியலறை பின்கோடியில் இருப்பவற்றில், இது மிகவும் சகஜம். கண்டுபிடிப்பது எளிது. ஒருவர் பின் பம்பர் மேல் ஏறி நின்று மேலும் கீழும் அசையட்டும், இன்னொருவர் பம்பருக்கும் உடலுக்கும் நடுவே பார்க்கட்டும். உடல் அசையாமல் பம்பர் மட்டும் ஆடினால் அந்த வண்டி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது.

பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோங்கள், விற்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். வாசற்படி ஓரம், நான்கு மூலைகள், பின் ஜன்னலுக்கு நேர் கீழ், கழிப்பறையைச் சுற்றி, சக்கர மூடியின் பக்கம் என இந்த இடங்களில் முதலில் குதிகாலால் அழுத்துங்கள். அமுங்கினால் குத்திப் பாருங்கள். அலமாரிக்குள் தலையை விட்டு முகருங்கள். மூக்கு ஏமாறுவது குறைவு. வினைல் தரை புத்தம் புதிதாகப் போட்டிருந்தால் மகிழாதீர்கள், ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள். கூடுமானால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள்.

மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அறைந்த சிறு வண்டிகளின் கதை வேறு. ஷாஸ்டா, ஸ்காட்டி போன்றவை. பக்கவாட்டில் பார்த்தால் இறைச்சி டப்பா மாதிரி இருக்கும், அமெரிக்கர்களும் ‘கேன்ட் ஹாம்’ என்றுதான் சொல்கிறார்கள். பின்புறம் சின்னச் சிறகு ஒட்டிய ஷாஸ்டாவைப் பார்த்து மயங்காதவர் குறைவு. (அந்தச் சிறகு வயதுக்குச் சான்று ஆகாது. 1961ஆம் ஆண்டு ஏர்ஃப்ளைட் மாடலை அதே அச்சில் 2015இல் 1,941 வண்டிகள் மறுபடி செய்து விற்றார்கள்.) இவற்றில் மூலைப் பட்டைக்கு அடியில் இருக்கும் பழைய புட்டி காய்ந்து வெடிக்கும். திருகாணி வழியாகத் தண்ணீர் ஒன்றுக்கு இரண்டு அங்குலப் பைன் சட்டத்தில் இறங்கும். மரம் தூளாகிப் போன பிறகும் தகடும் உள்பலகையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே மூலையில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு, அதுவும் இல்லையென்றால் அதை மறைத்து ஒட்டிய புது வால்பேப்பர். அவ்வளவுதான் தடயம்.

“சிலிகான் ஒரு டியூப் வாங்கி எல்லா மூட்டிலும் தடவிவிட்டேன்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்த வண்டிக்கு விலையைக் குறைத்துப் பேசுங்கள். பழைய புட்டி மேல் சிலிகான் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகும். அதைச் சுரண்டி எடுப்பது நரக வேலை, எடுத்த பிறகும் அந்த இடத்தில் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. முறையான வேலை என்பது பட்டையைக் கழற்றி, பழசைச் சுத்தமாகச் சுரண்டி, பியூட்டைல் டேப் வைத்துத் திரும்பப் பொருத்துவது. அலுப்பான வேலைதான். குறுக்குவழி கிடையாது.

கண்ணாடியிழை வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. கண்ணாடியிழைக் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்த ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் கனடாவின் வின்னிபெக்கில் ‘போலர்’ டிரெய்லரைக் கொண்டுவந்தார். இரண்டு பாதிகளை இடுப்பில் ஒட்டிய முட்டை. மரச்சட்டமே இல்லை என்பதால் சுவர் மக்காது. ஆனாலும் ஜன்னல் ரப்பரையும் கூரை வென்ட்டையும் அடிச்சட்டத்தையும் பார்க்காமல் விடக் கூடாது. முதல் டிரெய்லர் வாங்குகிறவருக்கு எது நல்லது என்று என்னைக் கேட்டால், அழகைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்வேன்.

“பெயிண்ட், திரைச்சீலை, மெத்தை உறை. மீதி தானாக வந்துவிடும்.”

எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் செய்ய இனிப்பான வேலை இது மட்டும்தான். சரியான வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் சட்டமும் அச்சும், அப்புறம் தரை, பிறகு ஒழுகல், வயரிங், கேஸ், தண்ணீர்க் குழாய். பெயிண்ட் கடைசி. வெள்ளையடித்து, குட்டிக் கொடித் தோரணம் கட்டி, ‘புதுப்பித்தது’ என்று விற்கப்படும் வண்டியை விட, அழுக்கோடும் பழைய பழுப்பு அலமாரியோடும் நிற்கும் வண்டி எனக்கு மேல். பின்னதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

வேலையில் இறங்குவோர் இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஈயம் கலந்த வீட்டுப் பெயிண்டுக்கு 1978இல்தான் தடை வந்தது. அதற்கு முந்தைய வண்டியை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூளைச் சுவாசிப்பீர்கள், குழந்தைகள் அருகில் இருந்தால் இன்னும் மோசம். இன்னொன்று எலி. வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியின் சுவருக்குள் எலிக்கூடு இருக்கும். எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஹாண்டா வைரஸ் அந்தத் தூசியில் பரவக்கூடியது. பிளீச் கலந்த தண்ணீரில் நனைய வைத்து, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும்.

பழசு எல்லாம் முதலீடு, நாளாக ஆக விலை ஏறும் என்பதும் இந்த நம்பிக்கைகளோடு சேர்ந்தே வரும். அபூர்வ மாடல்களுக்கு அது பொருந்தலாம். சாதாரண வண்டியில் செலவிட்ட பணம், போட்ட உழைப்பு இரண்டையும் விற்கும்போது திரும்ப எடுப்பவர் அரிது. உதிரிப் பாகம் வேறு தலைவலி. 1966 முதல் 68 வரை வந்த ஏர்ஸ்ட்ரீம்களில் கார்னிங் கம்பெனியின் வளைந்த கண்ணாடி ஜன்னல்கள் இருக்கும். ஒன்று உடைந்தால் அதே கண்ணாடிக்கு அலைய வேண்டியதுதான்.

“சின்ன வண்டிதானே, நம்ம எஸ்யூவி இழுத்துவிடும்.”

1954இல் வந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தில் லூசில் பாலும் டெஸி ஆர்னஸும் 36 அடி நியூ மூன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவார்கள். போகிற ஊரிலெல்லாம் நினைவுக்காகக் கல் பொறுக்கி உள்ளே ஒளித்து வைப்பாள் மனைவி. அந்தப் பாரத்தோடு மலை ஏறும்போது நமக்கு வயிறு கலங்கும். சிரிப்புப் படம்தான், ஆனால் எடை பற்றி அதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

விற்பவர் சொல்லும் எடை தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் வெற்று எடை. அதற்குப் பிறகு யாரோ ஏசி பொருத்தியிருப்பார்கள், பலகை மாற்றியிருப்பார்கள். நீங்கள் ஏற்றும் ஒரு கேலன் தண்ணீர் மட்டும் 8.3 பவுண்டு, 30 கேலன் தொட்டி நிரம்பினால் 250 பவுண்டு. அலுமினியம் என்றாலே லேசு என்பதும் சரியில்லை. எண்ணெய் அதிபர் ஜே. பால் கெட்டியின் ஸ்பார்ட்டன் விமானக் கம்பெனி இரண்டாம் உலகப் போருக்குப் பின் டல்சாவில் டிரெய்லர் செய்தது. விமானத் தொழில்நுட்பம் என்ற பெயர் இருந்தாலும், முப்பது அடி தாண்டும் பெரிய மாடல்களைக் குடும்பக் காரில் மாட்ட முடியாது.

பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். கார் எத்தனை பவுண்டு இழுக்கும் என்று பார்ப்பார்கள், எத்தனை பவுண்டு சுமக்கும் என்று பார்க்க மாட்டார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (இணைப்புக் கொக்கி) வழியாகக் காரின் முதுகில் உட்கார வேண்டும். 3,500 பவுண்டு வண்டி என்றால் 350 முதல் 525 பவுண்டு. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். அது 1,200 பவுண்டு என்று வையுங்கள். நான்கு பேர் 600, சாமான் 150, ஹிட்சில் 450. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அரிசி மூட்டைக்கு இடமில்லை.

முன்பாரம் அதிகமாகிறதே என்று சாமானைப் பின்பக்கம் தள்ளுவது அதைவிட ஆபத்து. பின்பாரம் கூடிய டிரெய்லர் வேகத்தில் பாம்பாக நெளியத் தொடங்கும். நெளிந்தால் கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, காருக்குள் இருக்கும் கன்ட்ரோலரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். அதற்கு முதலில் டிரெய்லருக்குப் பிரேக் இருக்க வேண்டுமே. 1950களின் சிறு வண்டிகள் பலவற்றில் கிடையாது. புது அச்சு மாட்டும்போது மின்பிரேக்கும் சேர்த்து வாங்கிவிடுவது புத்தி. ரப்பர் டார்ஷன் அச்சுள்ள 1960களுக்குப் பிந்தைய ஏர்ஸ்ட்ரீம்களில் ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்கும். குலுக்கல் முழுவதும் நேரே உடலுக்குப் போய் ரிவெட்டுகளை உதிர்க்கும்.

ஏற்றியாகிவிட்டது, சரியாக இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் எடைமேடை இருக்கிறது. சில டாலர் கட்டினால் சீட்டு கையில் வந்துவிடும்.

டயர் பற்றி நான்கு வரி போதும். பூ தேயவில்லை, அதனால் நல்ல டயர் என்பது தவறு. டிரெய்லர் டயர் ஓடிக் கெடுவதைவிட நின்றே கெடுவது அதிகம். பக்கச் சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்; மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் போன நூற்றாண்டுச் சரக்கு. ஐந்தாறு வயதானதை மாற்றிவிடுங்கள், ஸ்பேரையும் சேர்த்து.

“பிளக்கைச் செருகினால் விளக்கு எரிகிறது. வயரிங் சரியாகத்தான் இருக்கிறது.”

விளக்கு எரிய இரண்டு கம்பி போதும். உயிர் காக்க மூன்றாவது கம்பி வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் எர்த் கிடையாது, இருந்தாலும் எங்கேயோ அறுந்திருக்கும். உலோகத் தோல் போர்த்திய வண்டியில் இதன் விளைவு, முழு உடம்பிலும் கரண்ட் ஏறுவது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொட்டவர் முதலில் தெரிந்துகொள்வார். தொடாமலே காட்டும் பேனா டெஸ்டர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. புது இடத்தில் பிளக் செருகியதும் முதல் வேலையாக அதை உடல் தகட்டருகே காட்டுங்கள்.

அடுத்த ஆபத்து வீட்டிலேயே இருக்கிறது. டிரெய்லருக்கான 30 ஆம்ப் சாக்கெட் 120 வோல்ட். பார்க்கத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் 240 வோல்ட் சாக்கெட் மாதிரி இருக்கும். விவரம் தெரியாத எலக்ட்ரீஷியன் அதில் 240 கொடுத்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிற கதை. செருகிய கணத்தில் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். வேலை முடிந்ததும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட்; ஏசி ஓடும்போது ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். நம் சமையலுக்குக் கேஸ் அடுப்பும் பிரஷர் குக்கருமே தோது. உயரமான மலைப் பூங்காக்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கேஸ் விஷயத்தில் “அடுப்பு எரிகிறதே” என்பது பதில் ஆகாது. பழைய ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் யோசிக்காமல் மாற்றிவிட்டு, தெரிந்தவரைக் கொண்டு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் இருக்க வேண்டும், மூடி வைத்தால் இறங்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே கசிவு எச்சரிக்கைக் கருவி தரையருகே. கார்பன் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி. பழைய ஹீட்டரைச் சோதிக்காமல் மூட்டிவிட்டுத் தூங்கவே கூடாது.

“பத்து வயது தாண்டிய வண்டியை எந்த முகாமிலும் விட மாட்டார்கள்.”

பாதி உண்மை. தனியார் ஆர்.வி. பார்க்குகள் பலவற்றில் பத்து வருஷ விதி இருக்கிறது. ஓட்டை உடைசலைத் தடுக்கப் போட்ட விதி அது. நன்றாகப் பராமரித்த பழைய வண்டியின் படத்தை முன்கூட்டியே அனுப்பிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தேசிய, மாநிலப் பூங்கா முகாம்களில் வயது பிரச்சினை இல்லை, நீளம்தான் பிரச்சினை. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் ‘கோயிங் டு தி சன்’ சாலையின் மலைப்பகுதியில் காரும் டிரெய்லரும் சேர்ந்து 21 அடி தாண்டினால் அனுமதி இல்லை. 1961இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் பாம்பியே 16 அடி. அதை முகாமில் விட்டுவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் விடும் பழைய பாணிக் குழாய் உங்கள் வண்டியில் இருந்தால் அதற்குச் சக்கரம் வைத்த தனித் தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய முகாம்கள் பலவற்றில் அப்படித் தரையில் விடுவதற்குத் தடை.

“பேப்பர் சின்ன விஷயம், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.”

இதை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு என் அனுதாபம். டிரெய்லரின் உரிமைப் பத்திரம் ‘டைட்டில்’. சில மாநிலங்களில் சிறிய, பழைய டிரெய்லர்களுக்கு டைட்டிலே தருவதில்லை. பதிவுச் சீட்டும் விற்பனை ரசீதும் போதும். வேறு சில மாநிலங்களில் டைட்டில் இல்லாமல் நகரவே முடியாது. ஆகவே விற்பவரின் மாநிலம் என்ன சொல்கிறது என்பது பாதி. உங்கள் மாநில வாகன அலுவலகம் எதை ஏற்கும் என்பது மீதி. பணம் கைமாறும் முன் அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரத்தில் உள்ள எண்ணையும் இழுக்கும் முனையில் எஃகுச் சட்டத்தில் பொறித்த எண்ணையும் உங்கள் கண்ணால் ஒத்துப் பாருங்கள். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாவது பாருங்கள். காப்பீடு எடுக்கும்போது ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ வகையைக் கேளுங்கள். சாதாரணப் பாலிசி, அறுபது வருஷ வண்டிக்குத் தேய்மானம் கழித்துக் கையில் வைப்பது சில்லறை.

இவ்வளவும் சரிபார்த்து வாங்கிய பிறகும் தண்ணீர் விடாது. இந்த முறை உள்ளிருந்து வரும். சின்ன அறையில் நான்கு பேர் மூச்சு, குக்கர் ஆவி, சாம்பார் கொதி. குளிர் இரவில் அத்தனையும் உலோகச் சட்டத்திலும் ஜன்னலிலும் வியர்த்து, வழிந்து, மெத்தைக்கு அடியில் போய்ச் சேரும். காலையில் பார்த்துவிட்டு “கூரை ஒழுகுகிறது” என்று மறுபடி சிலிகான் டியூபைத் தேடுவார்கள். குளிராக இருந்தாலும் கூரை வென்ட்டையும் ஒரு ஜன்னலையும் விரலிடை அளவு திறந்து வையுங்கள், முடிந்தவரை வெளியே சமையுங்கள்.

வாங்கலாமா என்று இன்னும் தயக்கம் இருந்தால், அரிசோனாவின் பிஸ்பீ ஊரில் ‘ஷேடி டெல்’ என்ற இடத்தில் பழைய டிரெய்லர்களை அறை போல வாடகைக்கு விடுகிறார்கள். குடும்பத்தோடு ஓர் இரவு தங்கிப் பாருங்கள். யார் யாருக்குக் கால் நீட்ட இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாங்கியே ஆயிற்று என்றால் முதல் இரவை வீட்டு வாசலிலேயே, கரண்ட், கேஸ், தண்ணீர் எல்லாம் ஓடவிட்டுக் கழியுங்கள். எது ஒழுகினாலும் எரியாவிட்டாலும் ஸ்பேனர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.